முப்பது நொடி ரீல்ஸுக்குள் எத்தனை சொந்தக்காரர்கள்?

சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இளம்பிள்ளை, சேலைக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு கடைக்காரர், இன்ஸ்டாகிராமில் ஓரளவு பெயர் எடுத்த ஒரு பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் இப்படிப் பேசி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அக்கா, நாலு சேலை அனுப்பி வைக்கிறேன், நீங்களே வச்சுக்கோங்க. நல்ல பாட்டாப் போட்டு ஒரு ரீல்ஸ் மட்டும் பண்ணிக் குடுத்துருங்க." அவர் சேலையைக் கட்டுகிறார், மொட்டைமாடியில் நிற்கிறார், பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு. முப்பது நொடியில் வேலை முடிந்தது. காசு கைமாறவில்லை, கையெழுத்தும் இல்லை.

ஆனால் அந்த முப்பது நொடிக்குள் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வருமான வரிச் சட்டமும் இருக்கிறது. பின்னணியில் ஓடும் பாட்டின் மேல் குறைந்தது நான்கு பேருக்கு உரிமை இருக்கக்கூடும். அது இன்ன பாட்டு என்பதை, யாரும் காது கொடுத்துக் கேட்காமலே, ஓர் இயந்திரம் கண்டுபிடித்துவிடும். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தீராத வியப்பு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

யூடியூபில் ஒவ்வொரு நிமிடமும் 500 மணி நேரத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏறுகிறது. தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதையே உத்தியோகமாக வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு நிமிடச் சரக்கைப் பார்த்து முடிக்க இரண்டு மாதம் ஆகும். ஒரு நாளில் ஏறுவதை இரவு பகல் தூங்காமல் பார்த்தால் 82 ஆண்டுகள். இதற்குள் யாருடைய பாட்டு எங்கே ஒலிக்கிறது என்று மனிதர்களை வைத்துத் தேட வழியே இல்லை. அதனால்தான் 2007-இல் கண்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறையை யூடியூப் கொண்டுவந்தது. 2021-ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் அது 72 கோடிக்கும் மேற்பட்ட உரிமைக் கோரல்களை எழுப்பியது. வகுத்துப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 46.

ஒரு பாட்டை இயந்திரம் எப்படி அடையாளம் காண்கிறது? இதற்கான அழகான விடைகளில் ஒன்று யூடியூபுக்கும் முந்தியது. 2002-இல் இங்கிலாந்தில் ஷஸாம் என்ற சேவை தொடங்கியது. செல்பேசியில் 2580 என்று அழுத்த வேண்டும். விசைப்பலகையின் நடு வரிசையை மேலிருந்து கீழே அழுத்தினால் வரும் எண் அது. பாட்டு ஒலிக்கும் பக்கம் போனைக் காட்டினால், சற்று நேரத்தில் பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வந்துவிடும். ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பு, மதுக்கடை இரைச்சலுக்கு நடுவே, சாதாரணத் தொலைபேசி இணைப்பு வழியாக. இதை வடிவமைத்த ஏவரி வாங் தன் முறையை 2003-இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அதை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதி வைப்பதுதான் சிடி. ஆனால் இந்த எண்களை நேரடியாக ஒப்பிட்டால் ஒன்றும் தேறாது. ஒரே பாட்டு, வேறு ஸ்பீக்கரில் ஒலித்து வேறு மைக்கில் பதிவானால் எண்கள் அத்தனையும் மாறிப்போகும். எனவே முதல் வேலை, ஒலியைச் சிறுசிறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அலைவெண்கள், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வுகள் கொண்ட சுரங்கள், எவ்வளவு வலுவாக இருக்கின்றன என்று பிரிப்பது. நேர்வழியில் செய்தால் 1,024 எண்கள் கொண்ட ஒரு துண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கல்கள் வேண்டும். 1965-இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்ட குறுக்குவழி, அதைச் சுமார் பத்தாயிரம் என்ற அளவுக்கு இறக்கியது. வேக ஃபூரியர் உருமாற்றம் என்பது இதன் பெயர். உங்கள் செல்பேசி இன்று பேச்சை அனுப்புவதிலும் படத்தைச் சுருக்குவதிலும் இந்தக் குடும்பக் கணக்குகளே ஓடுகின்றன.

கிடைத்ததைக் கிடையாக நேரம், செங்குத்தாக அலைவெண், வலுவான இடத்தில் வெளிச்சம் என்று வரைந்தால் பாட்டு ஒரு படமாகிவிடும். ஒலி நிறமாலை என்பார்கள். இங்கேதான் வாங் துணிச்சலான ஒரு காரியம் செய்தார். படத்தில் அக்கம்பக்கத்தைவிட ஓங்கித் தெரியும் உச்சிப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி அத்தனையையும் தூக்கி எறிந்தார். குரலின் குழைவு, மிருதங்கத்தின் அதிர்வு, பாட்டில் நாம் ரசிப்பது எல்லாமே போய்விட்டது. மிஞ்சியவை கரும்பலகையில் சிதறிய வெண்புள்ளிகள். பார்த்தால் இரவு வானம்போல இருக்கும். வாங் அதற்கு விண்மீன் கூட்டப் படம் என்றே பெயர் வைத்தார். மொட்டைமாடியில் காற்று அடிக்கட்டும், தெருவில் பஸ் ஹாரன் அடிக்கட்டும். புதிய புள்ளிகள் சில சேரும், பழையவற்றில் சில மங்கும், ஆனால் ஓங்கிய உச்சிகளில் போதுமானவை தப்பிப் பிழைக்கும்.

ஒற்றைப் புள்ளியை வைத்து எதையும் அடையாளம் காண முடியாது. அதனால் இரண்டிரண்டாகச் சேர்த்தார். முதல் புள்ளியின் அலைவெண், இரண்டாவதன் அலைவெண், இரண்டுக்கும் இடையே உள்ள நேரம். இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரே ஓர் எண். ஒவ்வொன்றுக்கும் பத்து இரும இலக்கங்கள் ஒதுக்கினால், சுமார் 107 கோடி வேறுபட்ட எண்கள் சாத்தியம். ஒரு பாட்டு இப்படி ஆயிரக்கணக்கான எண்களாக மாறிப் பட்டியலில் ஏறிக்கொள்கிறது. இனி தேடுவது எளிது. பாட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை, எண்ணைச் சொன்னால் அது எந்தப் பாட்டில் எந்த நொடியில் வருகிறது என்று பட்டியல் உடனே சொல்லும்.

தற்செயலாகச் சில எண்கள் தவறான பாட்டோடும் பொருந்துமே? பொருந்தும். அதற்கான தீர்வு பள்ளிக்கூடக் கழித்தல். ரீல்ஸின் 3-ஆம் நொடி பாட்டின் 73-ஆம் நொடியோடும், 5-ஆவது 75-ஆவதோடும், 9-ஆவது 79-ஆவதோடும் பொருந்தினால், எல்லாவற்றிலும் வித்தியாசம் 70. தற்செயல் பொருத்தங்களில் வித்தியாசங்கள் தாறுமாறாக இருக்கும். ஒரே வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் பாட்டு, அதுவும் எந்த நொடியிலிருந்து வெட்டியது என்பது உட்பட. இவ்வளவு பெரிய கேள்விக்கு இவ்வளவு சிறிய கணக்கு விடை சொல்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கண்டென்ட் ஐடி உள்ளே எப்படி இயங்குகிறது என்பதை யூடியூப் முழுமையாக வெளியிட்டதில்லை. ஆனால் கூகுள் ஆய்வாளர்கள் பலுஜா, கோவெல் இருவரும் 2008-இல் வெளியிட்ட வேவ்பிரிண்ட் என்ற முறை ஒலியைக் கேட்கும் பொருளாகவே நடத்தவில்லை. ஒலி நிறமாலையை ஒரு புகைப்படமாகப் பாவித்து, படங்களை ஒப்பிடும் உத்தியால் பாட்டைத் தேடினார்கள். வேகத்தைக் கூட்டி, சுருதியை ஏற்றிப் போட்டால் இயந்திரத்துக்குத் தெரியாது என்று ஒரு வித்தை ரீல்ஸ்காரர்களிடையே உலவுகிறது. சுருதி மாறினால் புள்ளிகள் இடம் மாறும் என்பதால், ஷஸாமின் பழைய முறைக்கு அது சிக்கல்தான். பிறகு வந்தவை மெட்டையே ஒப்பிடும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. எப்படியானாலும் இயந்திரத்திடம் தப்பிப்பது வேறு, சட்டத்திடம் உரிமை பெறுவது வேறு. சுருதி ஏற்றிய பாட்டும் அதே சொந்தக்காரரின் பாட்டுதான்.

பாட்டு இன்னது என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி இதைவிடச் சிக்கலானது: அது யாருடையது?

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பாட்டு என்ற ஒற்றைப் பொருள் கிடையாது. வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு. மெட்டு ஓர் இசைப் படைப்பு. இரண்டையும் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மூன்றாவது. பாடகருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று தனியாக உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. வரியும் மெட்டும் படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை. ஒலிப்பதிவு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள்வரை.

2000-இல் வெளியான 'பாரதி' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இளையராஜா இசையமைத்த பாரதியார் பாடல் ஒன்றை ரீல்ஸில் போட்டால் என்ன ஆகும்? வரிகளை யாரும் தடுக்க முடியாது, அவை நம் எல்லோருக்கும் பொது. மெட்டு பொதுவல்ல. ஒலிப்பதிவு 2060 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. ஒரே மூச்சில் பாடப்பட்ட ஒரே அடியில், காதில் பிரிக்கவே முடியாதபடி கலந்த மூன்று பொருள்களில், ஒன்று விடுதலையானது, இரண்டு பூட்டப்பட்டவை.

பாரதியின் வரிகள் பொதுவானதும் சும்மா நடந்ததல்ல. அவர் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடல் இடம்பெற, வழக்கு மூண்டது. பாரதி நாட்டுக்குச் சொந்தம் என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். 1949-இல் சென்னை மாகாண அரசே உரிமையை ஏற்றுக்கொண்டது, பின்னர் அதை மக்களுக்குப் பொதுவாக்கியது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற நூலில் இந்த வரலாற்றைத் தோண்டி எடுத்திருக்கிறார். இன்று யாரும் பயமின்றிப் பாரதியைப் பாடி வீடியோ போட முடிவதற்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது.

சினிமாப் பாட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1977-இல் உச்ச நீதிமன்றம், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் படத்துக்காகக் காசு கொடுத்து உருவாக்கிய பாட்டின் முதல் சொந்தக்காரர் தயாரிப்பாளரே என்றது. 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் காட்டுவது தவிர மற்றப் பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவே முடியாது என்றும் சட்டம் சொல்லிவிட்டது. நெருக்கடியில் கையெழுத்துப் போட்டாலும் கைவிட்டுப் போகாத ஓர் உரிமை. சட்டம் எழுதியவர்களின் சாமர்த்தியத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

இப்போது ரீல்ஸுக்கு வருவோம். இயந்திரம் பாட்டைக் கண்டுபிடித்ததும் வீடியோவை உடனே தூக்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். யூடியூபில் உரிமையாளர் முன்கூட்டியே மூன்றில் ஒன்றைத் தேர்ந்து வைத்திருப்பார்: தடு, அல்லது விளம்பரம் போட்டு வருமானத்தை எனக்குக் கொடு, அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் சொல். நாட்டுக்கு நாடு இதை மாற்றியும் வைக்கலாம். ஒரே வீடியோ சேலத்தில் விளம்பரத்தோடு ஓடும், சிங்கப்பூரில் திறக்கவே திறக்காது, லண்டனில் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடும். உரிமையாளர்களில் பெரும்பாலோர் வருமானத்தையே தேர்கிறார்கள். 2024 இறுதிவரை இந்த வழியில் மட்டும் யூடியூப் அவர்களுக்கு 1,200 கோடி டாலர் கொடுத்திருக்கிறது, ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய். திருட்டு என்று துரத்தப்பட்ட ஒன்றை வாடகையாக மாற்றியதில்தான் கண்டென்ட் ஐடியின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

இயந்திரம் இப்படி எழுப்பும் உரிமைக் கோரலுக்குப் பெயர் க்ளைம். ஸ்ட்ரைக் என்பது வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொல்லி முறையாகக் கோரினால் வருவது ஸ்ட்ரைக். 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலே மூடப்படலாம். இந்தியச் சட்டத்தில் இதற்கு ஒரு கடிகாரமும் இருக்கிறது: புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படைப்பை முடக்க வேண்டும், புகார் செய்தவர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணையோடு வராவிட்டால் தளம் அதைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். போட்டவருக்கும் புகார் செய்தவருக்கும் நடுவில், தளம் நீதிபதியாக உட்காராமல் தப்பித்துக்கொள்ள ஏற்ற ஏற்பாடு.

இவ்வளவு கூர்மையான இயந்திரத்துக்கு ஒரு பெரிய குருட்டுப் புள்ளி உண்டு. 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கியது. நாசா தன் சேனலில் போட்ட தன் சொந்த வீடியோ சற்று நேரத்தில் காணாமல் போனது. அதே காட்சியைத் தன் செய்தியில் காட்டிய ஒரு செய்தி நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரல் எழுந்திருந்தது. இரண்டும் ஒன்று என்று இயந்திரம் சொன்னது சரி. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. 2018-இல் ஆஸ்திரேலியர் ஒருவர் கணினியில் உருவாக்கிய பத்து மணி நேர வெற்று இரைச்சலுக்கு ஐந்து உரிமைக் கோரல்கள் வந்தன. எல்லா அலைவெண்ணும் ஒரே அளவில் கலந்த இரைச்சல், ஒன்றுபோல ஒன்று இருப்பதில் வியப்பென்ன?

சட்டம் கேட்கும் கேள்விகள் வேறு ரகம். 2007-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு தாய், சமையலறையில் தன் குழந்தை ஆடுவதை 29 நொடி எடுத்துப் போட்டார். பின்னால் பிரின்ஸ் பாடிய பாட்டு மங்கலாக ஒலித்தது. இசை நிறுவனம் நீக்கச் சொன்னது. அந்தத் தாய் வழக்குத் தொடுத்தார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீக்கச் சொல்வதற்கு முன்பு அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும் என்றது. நம் சட்டத்திலும் விமர்சனம், நடப்புச் செய்தி, சொந்தப் பயன்பாடு போன்றவற்றுக்கு நியாயமான கையாளல் என்ற விலக்கு உண்டு. ஆனால் எத்தனை நொடி என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. பத்து நொடிக்குக் கீழே இருந்தால் ஒன்றும் ஆகாது, பதினைந்து நொடிவரை பரவாயில்லை என்று நம் ஊரில் உறுதியாகச் சொல்லப்படுவதெல்லாம் ஆதாரமில்லாத பேச்சு. எதற்காக எடுத்தாய், எவ்வளவு எடுத்தாய், அதனால் மூலத்தின் சந்தை கெட்டதா என்பவைதான் கேள்விகள். எந்த ஒலி நிறமாலையிலும் இவற்றுக்கு விடை கிடையாது.

கடைக்காரர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான். இன்ஸ்டாகிராமே பாட்டுப் பட்டியல் கொடுக்கிறதே, அதிலிருந்து எடுத்தால் என்ன தப்பு? அந்தப் பாட்டுகளுக்குத் தளம் வாங்கி வைத்திருக்கும் அனுமதி, பொதுவாகத் தனிமனிதர் சொந்த மகிழ்ச்சிக்குப் பயன்படுத்துவதற்கு. வணிகக் கணக்குகளுக்குப் பட்டியல் சுருங்குவது அதனால்தான். அதே சேலை, அதே மொட்டைமாடி, அதே பாட்டு. பொங்கலுக்கு ஆடிப் போட்டால் ஒரு கதை, கடைக்காகப் போட்டால் வேறு கதை. அமெரிக்காவில் பேங் என்ற ஊக்கபானம் விற்கும் நிறுவனத்தின் மேல் பெரிய இசை நிறுவனங்கள் 2021-இல் வழக்குத் தொடுத்தன. டிக்டாக்கில் கிடைத்த பாட்டுகளை அது விளம்பரத்துக்குப் பயன்படுத்தியிருந்தது. 2022-இல் நீதிமன்றம் அதை உரிமை மீறல் என்று தீர்த்தது. 2024-இல் மாரியட் ஹோட்டல் குழுமத்தின் மேல் சோனி மியூசிக் தொடுத்த வழக்கில் 931 மீறல்கள் பட்டியலிடப்பட்டன, அவற்றில் இன்ஃப்ளூயன்சர்கள் போட்டவையும் சேர்த்தி. அங்கே வேண்டுமென்றே மீறியதாக நிரூபணமானால் ஒரு படைப்புக்கு 1.5 லட்சம் டாலர்வரை இழப்பீடு விதிக்கலாம், கிட்டத்தட்ட ஒன்றேகால் கோடி ரூபாய். அந்த வழக்கு சில மாதங்களில் திரும்பப் பெறப்பட்டது. பிறகு பெரிய நிறுவனங்களின் விளம்பரப் பிரிவுகள் பழைய ரீல்ஸ்களைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தால் வியப்பில்லை.

இன்னொரு விஷயம், இயந்திரத்துக்கு அறவே தெரியாதது: அந்த நாலு சேலை. பார்ப்பவருக்கும் தெரியாது. பிடித்துக் கட்டியிருக்கிறார் என்றுதான் நினைப்பார். வாங்கும் முடிவை எடுப்பவருக்கு இந்த உறவு தெரிய வேண்டும் என்பது சட்டத்தின் வாதம். காசு மட்டுமல்ல, இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி, குடும்ப உறவுகூடப் பொருள்சார்ந்த தொடர்பு என்கிறது 2023 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். வீடியோவில் எழுத்தாகவும் குரலாகவும் சொல்ல வேண்டும், கீழே விளக்கக் குறிப்பில் ஒளித்து வைத்தால் போதாது. நேரலை என்றால் அறிவிப்பு தொடர்ந்து திரையில் இருக்க வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி 2021-இல் இதற்கு ஓர் அளவுகோலே போட்டது. 15 நொடிவரையிலான வீடியோவில் மூன்று நொடி, இரண்டு நிமிடத்துக்கு உட்பட்டதில் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம் முப்பது நொடி ரீல்ஸில் பத்து நொடி. ஆங்கிலத்தில் போடலாம், அல்லது விளம்பரத்தின் மொழியில். 'விளம்பரம்' என்று தமிழில் எழுதினாலே போதும். தவறான விளம்பரம் என்று முடிவானால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய்வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம்வரை. பரிந்துரைத்தவரை ஓராண்டு, பிறகு மூன்றாண்டுவரை விளம்பரங்களிலிருந்து விலக்கியும் வைக்கலாம். தப்பிக்கும் வழியையும் அதே சட்டமே சொல்கிறது. சொன்ன விஷயம் உண்மையா என்று உரிய கவனத்தோடு விசாரித்திருந்தால் பரிந்துரைத்தவருக்குப் பொறுப்பில்லை. சுத்தப் பட்டு என்றால், பட்டுக்கான சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி.

வாங் பாட்டைப் புள்ளிகளாக்கியதுபோல, சட்டமும் நேர்மை என்ற பிடிபடாத ஒன்றிலிருந்து அளக்கக்கூடிய சிலவற்றைப் பொறுக்குகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மூன்றில் ஒரு பங்கு நீளம் அப்படி ஒன்று. பங்குச் சந்தையில் இன்னொன்று இருக்கிறது. கற்றுக்கொடுக்கிறேன் என்ற பெயரில் எந்தப் பங்கை வாங்கலாம் என்று யோசனை சொல்பவர்களை எப்படிப் பிரித்தறிவது? கல்வி மட்டும் தருபவர் கடந்த மூன்று மாத விலைகளைக் காட்டிப் பேசக் கூடாது என்று 2025 ஜனவரியில் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி விதித்தது. பாடம் நடத்தப் பழைய விலை போதும். வாங்கு, விற்று விடு என்று சொல்லத்தான் புது விலை வேண்டும். ஒருவரின் மனதிலுள்ள நோக்கத்தைத் தேதியால் அளந்த இந்த விதி, நான் பார்த்தவற்றில் மிக நேர்த்தியான ஒன்று.

சேலைக்கு வரியும் உண்டு. 2022 ஜூலை 1 முதல், தொழில் உறவில் ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளோ சலுகையோ கொடுத்தால், கொடுப்பவர் 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்ய வேண்டும். ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடிக்கு உட்பட்ட தனிநபர் வியாபாரிக்கு இந்தப் பொறுப்பு இல்லை. ஆறாயிரம் ரூபாய்ச் சேலை நாலு என்றால் 24,000, வரி 2,400. பணமாக இருந்தால் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். சேலையில் பத்தில் ஒரு பங்கை எப்படி வெட்டுவது? வரி கட்டப்பட்டுவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே பொருளைக் கையில் கொடு என்கிறது விதி. படம் பிடித்த பின் சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டால் வரி கிடையாது, வைத்துக்கொண்டால் உண்டு. இதையும் வரித்துறை சுற்றறிக்கை போட்டுத் தெளிவாக்கியிருக்கிறது. "நீங்களே வச்சுக்கோங்க" என்று அன்பாகச் சொன்ன இரண்டு சொற்களில் அவ்வளவு இருக்கிறது.

இந்த ஆட்டத்தின் அடுத்த கட்டம் குரல். 1977 தீர்ப்பிலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு பின்குறிப்பு எழுதி, பாடுபவருக்கு நம் சட்டத்தில் உரிமை ஏதும் இல்லையே என்று வருந்தியிருந்தார். நிகழ்த்துநர் உரிமை வந்தது 1994-இல். இப்போது கேள்வி அதையும் தாண்டிவிட்டது. செயற்கை நுண்ணறிவால் ஒருவர் குரலைப் படியெடுத்து, அவர் பாடாத பாட்டைப் பாடவைக்கலாம். பதிவு புதியது, மெட்டு புதியது. விண்மீன் படம் எதிலும் பொருந்தாது, கழித்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் திரும்ப வராது. 2024-இல் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், குரலும் ஆளுமை உரிமைக்குள் அடங்கும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடை வழங்கியது. பெயரும் உருவமும் பேச்சுப் பாணியும் ஒருவருக்கே உரியவை என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இலேயே ரஜினிகாந்த் வழக்கில் ஏற்றிருந்தது. அதே 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்துப் பாடவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, ஊதியமும் கொடுத்து.

இந்தத் திசையில் இயந்திரமும் நகர்கிறது. ஒருவர் பாடுவதுபோலச் செயற்கையாக ஒலிப்பதை அடையாளம் காணும் கருவியை கண்டென்ட் ஐடிக்குள் சேர்க்கப்போவதாக 2024-இல் யூடியூப் அறிவித்தது. 2025-இல் முகத்துக்கும் ஒரு தேடல் வந்தது. தன் முகத்தை யாரேனும் போலியாகப் பயன்படுத்துகிறார்களா என்று அறிய விரும்பும் சேனல்காரர், அரசு அடையாள அட்டையையும் ஒரு சிறிய செல்ஃபி வீடியோவையும் முதலில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு, தன்னைப்போல இருக்கும் வீடியோக்களின் பட்டியல் அவர் முன் வந்து நிற்கும். எது போலி, எது தான் நிஜமாகவே தோன்றிய பழைய வீடியோ, எதை நீக்கச் சொல்வது, எதை விட்டுவிடுவது என்பதை அவரே ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.